ரீல்ஸ், ஷார்ட்ஸ் எடுத்து அஃபிலியேட் கமிஷன் வாங்குவது எப்படி: மதுரையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலோ யூடியூப் ஷார்ட்ஸிலோ ஒரு பொருளைக் காட்டி, நீங்கள் தருகிற லிங்க் வழியாக யாராவது அதை வாங்கினால், விற்கிற கடை உங்களுக்குத் தருகிற பங்குதான் அஃபிலியேட் கமிஷன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் வாங்குவது ரிங் லைட். அடுத்தது மைக். பிறகு ஏதோ ஒரு பொருளை வரவழைத்து, பெட்டியைப் பிரித்து, "செமையா இருக்கு, லிங்க் பயோல இருக்கு" என்று ஒரு ரீல் போடுகிறார்கள் (பயோ என்றால் பக்கத்தின் மேலே பெயரோடு வருகிற அறிமுகப் பகுதி). வியூஸ் வரும், காசு வராது. உடனே இன்னும் நல்ல லைட் வாங்கப் போவார்கள்.

குறை வெளிச்சத்தில் இல்லை. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒருவருக்கு மனதில் ஒரு சந்தேகம் இருக்கும். அது என்னவென்றே தெரியாமல் எடுத்த வீடியோ அவரை வாங்க வைக்காது. அதனால் கீழே உள்ள வரிசையில் கேமரா ஐந்தாவது படியில்தான் வருகிறது. முதல் நான்கையும் தாண்டிக் குதித்தவர்கள்தான் மூன்று மாதத்தில் "இதெல்லாம் சும்மா" என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பான் கார்டு, உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு, ஓரளவு நல்ல கேமரா உள்ள போன், ஒரு டிரைபாட், ஒரு வெள்ளை வேட்டி. வேட்டி எதற்கு என்று ஆறாவது படியில் வரும்.

பானிலும் வங்கியிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம் ஊரில் இது பெரிய தொல்லை. வங்கியில் "எம். செல்வி" என்று இருக்கும், பானில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார்கள். கமிஷன் சேர்ந்த பிறகு பணம் வராமல் நின்றால்தான் இது தெரியவரும். அந்த நேரத்தில் வங்கிக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைவதைவிட, இன்றைக்கே திருத்தக் கொடுத்துவிடலாம்.

பான் கொடுக்காமல் விட்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு. கமிஷனைத் தரும்போதே பிடித்துக்கொள்கிற வரியான டி.டி.எஸ். 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். பான் இல்லையென்றால் பிடித்தம் 20 சதவீதம். பிடித்த பணம் உங்கள் பான் மேல் ஏறியிருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற வழியுண்டு.

இன்ஸ்டாகிராம் அல்லது யூடியூபில் பொதுவில் திறந்திருக்கும் ஒரு பக்கமும் வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறவர்கள் அதைத் திறந்து பார்ப்பார்கள். நாலு பூ படமும் ஒரு குலதெய்வக் கோயில் வீடியோவும் மட்டும் கிடந்தால் தள்ளிவிடுவார்கள். ஒரே துறையில் பத்துப் பதினைந்து வீடியோ இருப்பது நல்லது. லிங்க் இல்லாத வீடியோவாக இருந்தாலும் சரி.

2. அஃபிலியேட் கணக்கை எப்போது திறப்பது

ஆசைப்பட்ட அன்றைக்கே திறக்கக் கூடாது. அமேசானின் அஃபிலியேட் திட்டமான அமேசான் அசோசியேட்ஸில் கணக்குத் திறந்த 180 நாளுக்குள் மூன்று தகுதியுள்ள விற்பனை நடக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். அந்த நாட்களை லைட் வாங்கவும் எடிட்டிங் பழகவும் செலவழித்தால் வீண். முதல் நாலைந்து வீடியோ எடுத்து முடித்து, போட வேண்டியதுதான் பாக்கி என்கிற நிலையில் திறங்கள்.

"எங்க சித்திகிட்டச் சொல்லி மூணு சாமான் வாங்க வச்சிடலாம்" என்ற யோசனை எல்லாருக்கும் வரும். நீங்களோ உங்கள் உறவினர், நண்பர்களோ உங்கள் லிங்க் வழியாக வாங்குவதை அமேசான் விற்பனையாகக் கணக்கில் எடுக்காது. விதிமீறல் என்று கணக்கே போகவும் கூடும்.

உங்கள் இன்ஸ்டாகிராம், யூடியூப் முகவரிகளை அந்தக் கணக்கில் பதிவு செய்துவிடுங்கள். பதியாத பக்கத்திலிருந்து வரும் விற்பனைக்குக் கமிஷனை நிறுத்தி வைக்கலாம் என்று விதியில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இதைப் படிப்பதே இல்லை.

லிங்கை ஒருவர் தொட்டதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன் உண்டு. அந்த 24 மணி நேரத்தில் கார்ட்டில் போட்டு வைத்துவிட்டால் 90 நாள் வரை பொறுத்து ஆர்டர் செய்தாலும் சேரும். "பிறகு வாங்கிக்கலாம்னா இப்போ கார்ட்ல போட்டு வைங்க" என்று வீடியோவில் சொல்வது இதற்காகத்தான்.

பணம் கைக்கு வர நாளாகும். மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் தருவார்கள். ஜனவரியில் விற்றதற்கு மார்ச் கடைசியில் எதிர்பார்க்கலாம். நடுவில் பொருள் திரும்பிப் போனால் கமிஷனும் திரும்பிப் போகும். இதை நம்பித் தவணையில் எதையும் எடுத்துவிடாதீர்கள்.

மற்ற வழிகளும் இருக்கின்றன. மீஷோ இருக்கிறது, பல கடைகளின் லிங்கை ஒரே இடத்தில் தருகிற எர்ன்கரோ இருக்கிறது. ஃப்ளிப்கார்ட், மிந்த்ராவோடு 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த யூடியூப் ஷாப்பிங்கும் உண்டு. ஆரம்பத்தில் ஒன்றே போதும். நாலு இடத்தில் கணக்கு வைத்தால் எந்த வீடியோ எங்கே விற்றது என்றே தெரியாமல் போகும்.

3. பொருளைத் தேர்ந்தெடுப்பது

முதல் ஐந்து வீடியோவுக்கு எதையும் புதிதாக வாங்காதீர்கள். வீட்டில் ஆறு மாதமாகப் புழங்குகிற சாமானை எடுங்கள். புதுப் பெட்டியைப் பிரிக்கிற வீடியோ ஆயிரம் கிடக்கிறது. ஆறு மாதம் கழித்துக் கைப்பிடி ஆடுகிறதா, அடிப்பகுதி கறுத்ததா என்று காட்டுகிற வீடியோ அரிது. வாங்குகிறவருக்கு வேண்டியதும் அதுதான்.

சில நொடியில் கண்ணால் பார்க்கக் கூடிய விளைவு உள்ள பொருளாக இருக்க வேண்டும். நம் பக்கத்து உப்புத் தண்ணி, பைப்பிலும் எவர்சில்வர் குடத்திலும் வெள்ளைப் படலமாகப் படியும். அதைத் தேய்த்து எடுக்கிற திரவம், ரெண்டு தேய்ப்பில் பலனைக் காட்டிவிடும். கரண்டு போனாலும் எரிகிற பல்பு, சுவிட்சை அணைத்த உடனே தன்னைக் காட்டிவிடும். தலையணை அப்படியில்லை. அதன் நன்மையைக் காட்ட ஓர் இரவு வேண்டும்.

பிறகு ஒரு நடை விளக்குத்தூண் பக்கமோ கீழமாசி வீதியோ போய் அதே மாதிரிச் சாமான் கடையில் என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாருங்கள். நேரில் பாதி விலைக்குக் கிடைக்கிற பொருளை நீங்கள் ரீலில் போட்டால் முதல் கமென்ட்டே அதுவாகத்தான் இருக்கும். அந்தக் கமென்ட் சொல்வது நியாயம் என்பதால் அழிக்கவும் முடியாது.

வீடியோ எடுப்பதற்கு முன் பின்கோடு மாற்றிப் பாருங்கள். 625001 போட்டால் நாளைக்கே வரும் என்று காட்டுகிற பொருள், உசிலம்பட்டி 625532 போட்டால் "இந்த இடத்துக்கு வராது" என்று சொல்லலாம். உங்களைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் டவுனுக்கு வெளியேதான் இருப்பார்கள். மேலூர், திருமங்கலம் பின்கோடுகளையும் சேர்த்துச் சோதியுங்கள்.

கமிஷன் விகிதம் பொருளின் வகையைப் பொறுத்தது. போன், லேப்டாப் மாதிரிச் சாமான்களுக்கு மிகக் குறைவு, சமையலறைச் சாமான், துணிமணிக்குக் கூடுதல். விகிதப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 5 சதவீதம் உள்ள வகையில் வரி நீக்கி 400 ரூபாய் வரும் பொருள் ஒன்று விற்றால் உங்களுக்கு 20 ரூபாய். இதைப் பார்த்துத்தான் சிலர் துணிக்கும் செருப்புக்கும் தாவுகிறார்கள். அங்கே அளவு சரியில்லை என்று திரும்பிப் போவது அதிகம். வந்த கமிஷன் பாதி கரைந்துவிடும்.

முடி வளர்க்கும் எண்ணெய், சர்க்கரையைக் குறைக்கும் பொடி, இடுப்பு மெலியும் பெல்ட், இந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். உங்களால் நிரூபித்துக் காட்ட முடியாத ஒன்றை உங்கள் வாயால் சொல்வதாகிவிடும். மருந்து விளம்பரச் சட்டமும் உண்டு.

4. சந்தேகத்தை ஒரு வரியில் எழுதுவது

எல்லாருமே தாண்டிப் போகிற படி இது. இதற்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

பொருளின் பக்கத்தில் ஐந்து நட்சத்திர விமர்சனங்களை விட்டுவிடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். அதிலும் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்தான் சரியாகச் சொல்வார். கோபமும் இருக்காது, பூரிப்பும் இருக்காது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா" என்று தொடங்குவார். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதை நோட்டில் எழுதுங்கள். அப்படியே வீட்டில் சமைக்கிறவர்களிடமும் கேளுங்கள்.

உதாரணத்துக்குக் கயிறு இழுக்கிற காய்கறிச் சாப்பர். வெளியூர் வீடியோவெல்லாம் பெரிய வெங்காயத்தையும் கேரட்டையும் போட்டுக் காட்டும். மதுரைக்காரர் வீட்டில் கேள்வி வேறு: "சின்ன வெங்காயம் போட்டா கூழாயிருமா?" இதுதான் உங்கள் வீடியோ. மற்றதெல்லாம், எத்தனை நிறத்தில் வருகிறது, பிளேடு எந்த நாட்டு எஃகு என்பதெல்லாம், தேவையில்லை.

ஒரு வீடியோவுக்கு ஒரு சந்தேகம்தான். மூன்று சந்தேகம் கிடைத்தால் மூன்று வீடியோ. ஒன்றிலேயே எல்லாவற்றையும் அடைத்தால் எதற்கும் விடை கிடைத்த மாதிரி இருக்காது.

பக்கத்தில் உள்ள மற்றவர் விமர்சனத்தையோ நட்சத்திர எண்ணிக்கையையோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீடியோவில் ஒட்டாதீர்கள், அமேசான் விதி அதற்கு இடம் தராது. படித்து, என்ன சோதிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான்.

5. ஷாட் பட்டியலும் எடுக்கிற வரிசையும்

வீடியோவில் ஷாட்டுகள் வருகிற வரிசை ஒன்று, எடுக்க வேண்டிய வரிசை வேறு. சுத்தமாக இருக்கும்போது எடுக்க வேண்டியதை முதலில் எடுத்துவிட வேண்டும். அழுக்கான பிறகு திரும்ப எடுக்க முடியாது. சாப்பரையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் காலிச் சாப்பர்: மூடி, கயிறு, பிளேடு, பக்கத்தில் உங்கள் கை. கை இருந்தால்தான் அளவு புரியும். நெட்டில் பெரிதாகத் தெரிந்த பாத்திரம் வீட்டுக்கு வந்ததும் டம்ளர் அளவில் இருக்கும் என்பது பழைய குறை.

அடுத்து, உரித்த சின்ன வெங்காயத்தைப் பாத்திரத்தில் பாதிக்குக் குறைவாகப் போடுவது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். படம் நிறைவாகத் தெரிய வேண்டும் என்று விளிம்பு வரை நிரப்புகிறார்கள். பிளேடு சுற்றும்போது அடியில் கிடப்பது கூழாகும், மேலே கிடப்பது முழுசாகவே நிற்கும். வீடியோ பொருளுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

மூன்றாவதுதான் உயிரான ஷாட்: மூடியைப் போட்டு, கயிற்றை இழுத்து, மூடியைத் திறந்து காட்டுவது வரை ஒரே மூச்சில், வெட்டே இல்லாமல். நடுவில் ஒரு வெட்டு விழுந்தாலும் "கத்தியில நறுக்கி வச்சிருக்காங்க" என்று சொல்லிவிடுவார்கள். திறந்ததும் போனை மேலே கொண்டுபோய் உள்ளே காட்டுங்கள். மூடிக்கு அடியில் ரெண்டு வெங்காயம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தட்டிவிட்டு மறைக்காதீர்கள். விரலால் தள்ளிக் கீழே விடுவதையும் எடுங்கள். நம்பிக்கை வருவது அந்த இடத்தில்தான்.

பிறகு ஒரு தட்டில் கத்தியால் நறுக்கியதையும் சாப்பரில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிக் காட்டுங்கள். சாப்பரில் வந்தது ஒரே அளவாக இருக்காது. தாளிக்க ஆகும், சாலட்டுக்கு அழகாக இருக்காது. அதைச் சொல்லிவிடுங்கள்.

எது முடியாது என்பதற்கு ஒரு ஷாட் கட்டாயம். தேங்காய்ச் சில்லைப் போட்டு இழுத்துப் பாருங்கள், துருவல் மாதிரி வராது, துண்டு துண்டாக உடையும். இதைக் காட்டினால் விற்பனை குறையும் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் குறைவது ரிட்டர்ன். துருவலை எதிர்பார்த்து வாங்குகிறவர் எப்படியும் திருப்பி அனுப்பத்தான் போகிறார்.

கடைசியாகக் கழுவுவது. கயிறு சுற்றியிருக்கும் மூடியைத் தண்ணீரில் ஊறப் போடக் கூடாது, உள்ளே தண்ணீர் இறங்கி நின்றுவிடும் என்பதைக் கழுவிக்கொண்டே சொல்லலாம்.

உரித்த வெங்காயம் இரண்டு பங்கு எடுத்து வையுங்கள். முதல் தடவை ஃபோகஸ் போய்விட்டால் திரும்ப உரிக்க உட்காருகிற நேரத்தில் வெளிச்சம் மாறிவிடும்.

6. வெளிச்சம், சத்தம், போன்

மதுரை வெயில் நேராக விழுந்தால் எவர்சில்வர் எல்லாம் வெள்ளையாகக் கரைந்துவிடும். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் மேசையைப் போடுங்கள். ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றையாகத் தொங்கவிட்டால் வெயில் வடிகட்டி மென்மையாக உள்ளே வரும். ரிங் லைட்டைவிட இது நன்றாக இருக்கும். பளபளப்பான பாத்திரத்தில் வட்டமாக லைட்டின் பிம்பம் விழாது.

டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப் வெளிச்சமும் சேர்ந்தால் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் போகும். இரவில்தான் எடுக்க முடியும் என்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்.இ.டி. பல்புகளுக்குக் கீழே எடுத்தால் படத்தில் கோடு கோடாக ஓடும். போனில் புரோ மோடு (கேமராவை நாமே அமைக்கிற வசதி) இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள், நின்றுவிடும்.

போனைச் செங்குத்தாக 9:16 அளவில், 1080பி, நொடிக்கு 30 பிரேம் என்று வைத்தால் போதும். 4கே எடுத்து மெமரி நிறைந்து, பாதி வெங்காயத்தில் ரெக்கார்டிங் நின்றுபோகும் கூத்து வேண்டாம். லென்ஸைத் துடையுங்கள். சமையலறையில் எண்ணெய்க் கை பட்டிருக்கும். திரையில் பொருளின் மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் கை குறுக்கே வரும்போதெல்லாம் படம் மங்கித் தெளியும். அகல லென்ஸில் கிட்டக் கொண்டுபோய் எடுத்தால் தட்டு கோணலாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். ஏரோபிளேன் மோடில் போட மறக்க வேண்டாம்.

சத்தத்தைப் பொறுத்தவரை ஆடி மாதத்தில் தெருவுக்கு ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். பேச்சையும் படத்தையும் சேர்த்து எடுக்க நினைத்தால் அந்த மாதம் முழுக்க வீடியோவே எடுக்க முடியாது. படத்தை எடுக்கும்போது சாப்பரின் சத்தம், தண்ணீரின் சத்தம் மட்டும் பதிவானால் போதும். பேச்சைப் பிறகு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து தனியாகப் பதிவு செய்யுங்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஃபேனை அணைக்க வேண்டும். மே மாதத்தில் இது கொடுமைதான், விடியற்காலையில் முடித்துவிடுங்கள்.

சுங்குடிச் சேலை மாதிரி எதையாவது எடுக்கிறவர்களுக்குக் கோயில் பின்னணி ஆசை வரும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. கோபுரம் தெரிகிற வீதியில் நின்று எடுக்கலாம் என்றால் கூட்டத்தில் ஊர்பட்ட முகம் விழும். மொட்டை மாடி போதும்.

7. என்ன பேசுவது

"ஹாய் ஃப்ரெண்ட்ஸ், வெல்கம் டு மை சேனல்" என்று தொடங்குகிற நேரத்தில் பார்க்கிறவர் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார். நோட்டில் எழுதிய சந்தேகமே முதல் வாக்கியம்: "சின்ன வெங்காயத்தை இதுல போட்டா கூழாயிருமா? பாத்துருவோம்."

வீட்டில் பேசுகிற தமிழில் பேசுங்கள். செய்தி வாசிக்கிற தமிழும் வேண்டாம், சென்னைத் தமிழை வலிய இழுக்கவும் வேண்டாம். "அங்கிட்டு இங்கிட்டு" என்று வந்தால் வரட்டும். திருமங்கலத்தில் இருந்து பார்க்கிற அக்காவுக்கு அது பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற மாதிரி இருக்கும்.

விலையை வாயால் சொல்லாதீர்கள், திரையில் எழுதவும் வேண்டாம். இன்றைக்கு ஒரு விலை, தீபாவளித் தள்ளுபடியில் ஒரு விலை, அடுத்த வாரம் வேறு. வீடியோ ஒரு வருடம் ஓடும். பழைய விலையைக் கேட்டு வந்து ஏமாந்தவர் உங்களைத்தான் திட்டுவார்.

8. எடிட்டிங்

இங்கே அதிகம் மெனக்கெட வேண்டாம். இன்ஷாட், இன்ஸ்டாகிராமின் எடிட்ஸ் எதுவானாலும் சரி. முதல் நொடியில் முடிவு தெரிகிற ஷாட்டை வையுங்கள், பிறகு தொடக்கத்துக்குப் போங்கள். பேச்சின் இடைவெளிகளை வெட்டுங்கள், சாப்பர் ஷாட்டை மட்டும் வெட்டாதீர்கள். 30 நொடிக்குப் பக்கத்தில் முடித்தால் நல்லது. ஷார்ட்ஸில் 3 நிமிடம் வரை இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டியதில்லை.

திரையில் வருகிற தமிழ் எழுத்துகளை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தானாக வருகிற சப்டைட்டில் நம் பேச்சுத் தமிழைக் கொத்துக்கறி போட்டுவிடும். எழுத்தைத் திரையின் கீழ்க் கால்பகுதியிலும் வலது ஓரத்திலும் வைக்காதீர்கள். அங்கே பெயரும் லைக் பட்டனும் வந்து மறைக்கும்.

சினிமாப் பாட்டு வேண்டாம். விற்பனைக்காகப் போடுகிற வீடியோவில் உரிமை இல்லாத பாட்டு இருந்தால் ஒருநாள் சத்தத்தை எடுத்துவிடுவார்கள், அந்த நாள் வீடியோ நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளாக இருக்கும்.

9. கமிஷன் வருகிறது என்பதைச் சொல்வது

இது மரியாதைக்காகச் சொல்வது மட்டுமில்லை, சட்டமும் இதைக் கேட்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பொருளைப் பரிந்துரைப்பதில் உங்களுக்கு ஆதாயம் இருந்தால் எளிதில் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். பேசுகிற மொழியிலேயே சொல்ல வேண்டும். வீடியோ என்றால் பேச்சிலும் எழுத்திலும் வர வேண்டும். தமிழில் பேசிவிட்டு, ஹேஷ்டேக் குவியலின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு சொல் போடுவது செல்லாது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலான ஆஸ்கி நேரக் கணக்கும் சொல்கிறது. 15 நொடி அல்லது அதற்குக் குறைந்த வீடியோவில் அறிவிப்பு 3 நொடியாவது திரையில் நிற்க வேண்டும். அதற்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் வீடியோவின் மூன்றில் ஒரு பங்கு நேரம். 30 நொடி வீடியோவுக்கு 10 நொடி.

"இந்த லிங்க்ல வாங்குனா எனக்குக் கமிஷன் வரும், உங்களுக்கு விலை ஏறாது." இவ்வளவுதான் வாக்கியம். இதைச் சொன்னால் ஆள் வாங்க மாட்டார் என்று பயப்படுகிறார்கள். தேங்காய் துருவாது என்று சொன்னவர் இதையும் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

டவுனில் உள்ள கடைக்காரர் "தம்பி, நம்ம கடைச் சரக்கைப் போடுங்க, வித்ததுக்குப் பார்த்துத் தாரேன்" என்று சாமானை இலவசமாகக் கொடுத்தாலும் அது ஆதாயம்தான், சொல்லியாக வேண்டும். "பார்த்துத் தாரேன்" என்பதை ஏற்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு கூப்பன் எண், சதவீதம், எந்தத் தேதியில் பணம், இவற்றை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு கேமராவை எடுங்கள்.

10. லிங்கை எங்கே வைப்பது

இன்ஸ்டாகிராமில் வீடியோவுக்குக் கீழே எழுதுகிற கேப்ஷனில் லிங்க் வேலை செய்யாது. யூடியூபிலும் 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விவரணையிலும் கமென்ட்டிலும் போடுகிற லிங்கைத் தொட்டுத் திறக்க முடியாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் பயோ, ஸ்டோரி ஸ்டிக்கர். யூடியூபில் சேனல் முகப்பு, அல்லது ஷார்ட்ஸோடு இணைத்த நீள வீடியோவின் விவரணை.

பயோவில் ஒரே ஒரு பட்டியல் பக்கத்தின் லிங்கை வையுங்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். வீடியோவின் மூலையிலும் அதே எண், "எண் 14" என்று. பயோவுக்குப் போனவர் நாற்பது பொருளுக்கு நடுவில் சாப்பரைத் தேடிக்கொண்டிருந்தால் பொறுமை போய்விடும்.

ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டிராக்கிங் ஐடி (விற்பனை எங்கிருந்து வந்தது என்று காட்டுகிற அடையாளம்) போட்டு லிங்க் எடுங்கள். போட்ட பிறகு, உங்கள் போனில் இல்லாமல் வீட்டில் வேறு யாருடைய போனிலாவது தொட்டுப் பாருங்கள். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே பக்கம் திறந்து, லாகின் கேட்டு நின்றால் பத்தில் எட்டுப் பேர் திரும்பிவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடையின் செயலி நேராகத் திறக்கிற சுருக்க லிங்கை அந்தக் கடை தந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

"லிங்க்னு கமென்ட் பண்ணுங்க, அனுப்பி வைக்கிறேன்" என்ற வழி இப்போது பரவலாக இருக்கிறது. தனிச்செய்தியில் லிங்க் அனுப்புவதை உங்கள் திட்டம் ஏற்கிறதா என்று விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைக் கேட்கிற எந்த ஆட்டோ மெசேஜ் செயலியையும் தொடாதீர்கள்.

11. போட்ட முதல் சில மணி நேரம்

வீடியோ போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். முதலில் வருகிற கேள்விகளுக்கு விடை சொல்வதுதான் அடுத்து வருகிறவர்களை வாங்க வைக்கும்.

"அக்கா, இதுல பீன்ஸ் நறுக்கலாமா?" என்று ஒருவர் கேட்கிறார். "நறுக்கலாம்ங்க, ஆனா நீளமா போடாம ரெண்டா ஒடிச்சுப் போடுங்க. பொரியலுக்கு ஒரே அளவா வேணும்னா கத்திதான் சரி" என்று எழுதுங்கள். வெறும் "எஸ்" போடுவதும் இதய எமோஜி போடுவதும் விடை ஆகாது. நாலு பேர் ஒரே கேள்வி கேட்டால் அதுதான் அடுத்த வீடியோவின் முதல் வாக்கியம். நான்காவது படியில் அரை மணி நேரம் உட்கார வேண்டிய வேலையும் மிச்சம்.

12. வாரம் ஒருமுறை கணக்குப் பார்ப்பது

ஒரு நோட்டு போதும். தேதி, எண், வியூஸ், கிளிக், ஆர்டர், அனுப்பியது, திரும்பியது, கமிஷன். வியூஸை மட்டும் பார்க்கிறவர்களுக்கு எங்கே ஓட்டை என்று கடைசிவரை தெரியாது.

வியூஸ் 20,000, கிளிக் 40 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். சந்தேகம் தவறாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது அல்லது லிங்க் எங்கே என்று தெரியவில்லை. கிளிக் 400, ஆர்டர் 2 என்றால் உங்கள் வீடியோ தன் வேலையைச் செய்துவிட்டது. பொருளின் பக்கத்தில்தான் ஏதோ இருக்கிறது: விலை ஏறியிருக்கும், ஸ்டாக் இருக்காது, பின்கோடு சேராது, நட்சத்திரம் இறங்கியிருக்கும். வீடியோவைத் திரும்ப எடுப்பதில் பயனில்லை, வேறு விற்பனையாளரின் அதே பொருளைத் தேடுங்கள். ஆர்டர் நிறைய, கமிஷன் குறைவு என்றால் ரிட்டர்னையும், வாசலில் வாங்க மறுத்த கேஷ் ஆன் டெலிவரியையும் பாருங்கள். அந்தப் பொருளில் நீங்கள் சொல்லாமல் விட்ட குறை ஒன்று இருக்கிறது.

காலத்தையும் இதே நோட்டில் குறியுங்கள். டிபன் பாக்ஸும் வாட்டர் பாட்டிலும் ஜூனில் பள்ளி திறப்பதற்கு மூன்று வாரம் முன்னாலேயே போட வேண்டும். துணி காயப்போடும் ஸ்டாண்டும் கொசு பேட்டும் ஐப்பசி மழைக்கு முன். பெரிய தள்ளுபடிகள் தீபாவளிக்கு முன் வரும். அந்த வாரத்தில் எடுக்கத் தொடங்கினால் போடுகிற நேரத்தில் தள்ளுபடி முடிந்திருக்கும்.

13. பழைய லிங்குகள்

மாதம் ஒருமுறை பட்டியலில் உள்ள எல்லா எண்ணையும் தொட்டுப் பாருங்கள். ஷார்ட்ஸ் பல மாதம் கழித்துத் திடீரென்று ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் பொருள் ஸ்டாக்கில் இல்லையென்றால் வந்த கூட்டம் சும்மா திரும்பும். அதே பொருளை வேறு விற்பனையாளர் வைத்திருந்தால் லிங்கை மாற்றுங்கள். அதே மாதிரி வேறு கம்பெனிப் பொருள் என்றால், நீங்கள் பயன்படுத்திப் பார்க்காதவரை மாற்றக் கூடாது. "இப்போ ஸ்டாக் இல்லை" என்று பட்டியலில் எழுதி, கமென்ட்டிலும் போட்டு, அது எப்போதும் மேலேயே நிற்கும்படி வைத்துவிடுங்கள்.

காலியான எண்ணை வேறு பொருளுக்குக் கொடுக்காதீர்கள். பழைய சாப்பர் ரீலைப் பார்த்துவிட்டு 14-ஐத் தேடி வருகிறவர், படத்தைக்கூடப் பார்க்காமல் அங்கே இருக்கிற மாப்பை ஆர்டர் போட்டுவிட்டுப் போவார். பெட்டியைப் பிரித்ததும் அது திரும்பி வரும், கமிஷனும் கழியும்.